மாட்டுக்கு எது இடது

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குச் சீவலக்கா என்று பெயர். பாக்குச் சீவுகிறவள் அல்ல, மாட்டு மடியைச் சீவுகிறவள். மடியிலிருந்து கடுகளவு எடுத்த சதையை மெழுகில் பதித்து, எந்திரத்தில் மாட்டி, மூச்சு பட்டாலே பறந்துவிடும் அளவு மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து எண்ணுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக எண்ணுகிறாள். எண்ணிச் சொல்கிறவள் அவள், எண்ணிக்கைக்கு அர்த்தம் சொல்கிறவர்கள் மாடியில் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

அவள் எண்ணுவது ஸ்டெம் செல். இதற்குத் தமிழில் நல்ல பெயர் வைக்க வேண்டும் என்று நிலையத்தில் ஒரு குழு போட்டார்கள். குழு எட்டு மாதம் கூடி, டீ குடித்து, பிஸ்கட்டைக் காலி செய்து, 'தண்டுச் செல்' என்று முடிவு செய்தது. அடுத்த வாரமே வாசல் காவலாளி வரை எல்லாரும் அதைத் 'தண்டச் செல்' ஆக்கிவிட்டார்கள். மாடி அறைக்குத் 'தண்டச் செல் பிரிவு' என்ற பெயர் நிலைத்தது. செல்லைச் சொல்கிறார்களா, அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களைச் சொல்கிறார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க இன்னொரு குழு போட வேண்டியிருக்கும்.

பெயர்தான் இப்படியே தவிர, செல் லேசுப்பட்டதல்ல. கிடேரி சினைப்படுவதற்கு வெகுநாள் முன்பே அதன் மடிக்குள் பால்குழாய்கள் கிளைவிடத் தொடங்கும். அந்தக் கிளைகளில் மற்ற செல்கள் எல்லாம் பரபரவென்று பெருகும், இது மட்டும் எப்போதாவதுதான் இரண்டாகப் பிளக்கும். பிளந்தால் ஒன்று வேலைக்குப் போகும், ஒன்று வீட்டோடு தங்கும். வீட்டோடு தங்குகிறதுதான் ஒவ்வொரு ஈற்றுக்கும் மடியைத் திரும்பக் கட்டியெழுப்புகிறது. வெளியே பெயர் தெரியாமல் குடும்பத்தையே தாங்குகிற ஓர் ஆள் எல்லா வீட்டிலும் இருப்பாரே, அந்த மாதிரி. அப்படிப்பட்டவரை எண்ணிப் பார்க்கவாவது ஒருத்தி இருக்கிறாளே என்று சீவலக்காவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

இயக்குநருக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. போவதற்குள் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. முப்பது வருடமாக வராத ஆசை அது. அப்போதுதான் அந்த மருந்து வந்தது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கிடேரியின் காம்பு வழியாக மடிக்குள் செலுத்தினால் ஸ்டெம் செல் கூடும், கூடினால் மாடு ஈற்றுக்கு ஈற்று பாலைக் கொட்டும் என்பது யோசனை. பதினொரு கிடேரிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்து இரண்டு காம்புக்கு மருந்து, மறுபக்கத்து இரண்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். சில வாரம் கழித்து மாட்டு டாக்டர் நான்கு இடத்திலும் ஊசி விட்டுச் சதை எடுத்துப் புட்டிகளில் போட்டு அனுப்பினார். எந்தப் பக்கம் மருந்து என்று சீவலக்காவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. எண்ணுகிறவள் ஆசைக்குத் தகுந்தபடி எண்ணிவிடுவாள் என்று பயம். ஆசைப்படுகிற உரிமை இயக்குநருக்கு மட்டும்தான் இருந்தது.

நான்கு மாதம் கழுத்து வலிக்க எண்ணினாள். பதினொரு மாட்டிலும் ஒரே கதைதான். இடது பக்கம் அதிகம், வலது பக்கம் குறைவு. எண்ணிக்கையை மாடிக்கு அனுப்பினாள். மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தார்கள். மருந்து போட்ட பக்கம் இடது என்று இருந்தது. இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி அவள் அறைக்கே வந்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கழிவறை என்று நினைத்து ஒருமுறை கதவைத் திறந்தது கணக்கில் வராது.

சந்தோஷத்தில் அவள் செய்த காரியம்தான் இந்தக் கதை. அவளுடைய அக்கா ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருந்தாள். ஒன்பது கிடேரிகளைக் கன்றிலிருந்து தானே வளர்த்தாள். பழைய மாடுகள் எல்லாம் தளர்ந்துவிட்டன, இனி இந்த ஒன்பதுதான் வீடு. மருந்தை வெளிப் பண்ணைகளில் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றதும் தங்கைக்காரி ஓடிப்போய்ச் சொன்னாள். அக்கா சுலபத்தில் மசியவில்லை.

"கன்னு வயசுல காம்புக்குள்ள எதையும் விடக் கூடாதுடி. ஒரு தடவை கெட்டா கெட்டதுதான்."

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா. நானே எண்ணிப் பார்த்தேன். என் கண்ணால."

"உனக்கென்ன, கண்ணாடியில எண்ணிட்டுப் போயிடுவே."

ஒரு மாதம் விடாமல் பேசினாள். விஞ்ஞானம் என்றால் உனக்குப் பயம் என்று சீண்டினாள். அத்தானைப் பிடித்து அவரையும் பேச வைத்தாள். கடைசியில் அக்கா, "சரி, நீ சொல்றே, செய்யிறேன்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். பட்டியலில் அக்காவின் பண்ணையை முதலில் போடச் சொல்லி இயக்குநரிடம் சிபாரிசும் செய்தாள். சொந்தக்காரர்களுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நினைத்தாள்.

அக்காவின் பண்ணைக்கு ஊசி போடும் நாளும், நிலையத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வரும் நாளும் ஒன்றாக அமைந்தன. காலையிலேயே கொட்டிலைக் கழுவி விட்டிருந்தார்கள். இயக்குநர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அதன் மடிப்பைப் பார்த்தால் அன்றுதான் உறையிலிருந்து எடுத்தது என்று தெரிந்தது. அவர் பக்கத்தில் உதவி விஞ்ஞானி. திரையில் படம் போடாமல் அவருக்குப் பேச வராது, அதனால் பவர்பாயின்ட் என்று பெயர். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்திலிருந்து இங்கே வந்தவர். மருந்து போடுவதற்கான படிவத்தை வரைந்தவரும் அவர்தான். நான்கு வட்டங்கள், அதில் இரண்டுக்குச் சிவப்பு. அழகாக இருக்கும்.

போட்டோக்காரர், "மருந்து போடுற மாதிரி ஒரு போஸ் குடுங்க" என்றார்.

இயக்குநர் ஊசிக்குழலை வாங்கி மாட்டை நெருங்கினார். கிடேரி திரும்பிப் பார்த்தது. அவர் ஊசிக்குழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினொன்றுக்கும் மருந்து போட்ட கொட்டில்காரரைக் கூப்பிட்டார்கள். கொட்டில்காரர் மாட்டுக்குப் பின்னால் வந்து, வாலை ஒதுக்கி, குனிந்து, வலது பக்கத்துக் காம்பைப் பிடித்தார்.

"இந்தப் பக்கம் இல்லங்க, அந்தப் பக்கம்! இடது, இடது!" என்றார் பவர்பாயின்ட்.

"இந்தப் பக்கம்தானே சார் போட்டேன்" என்றார் கொட்டில்காரர்.

"என்னது?"

"பதினொண்ணுக்கும் இதே பக்கம்தான். உங்க படத்துல பார்த்துதான் போட்டேன். தாள்ல வலது கைப்பக்கம் சிவப்பு. நானும் என் வலது கைப்பக்கம் போட்டேன். நான் உட்கார்ந்து கறக்குற பக்கம்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

போட்டோக்காரர், "எந்தப் பக்கமா இருந்தா என்னங்க, இந்தப் பக்கம்தான் வெளிச்சம் நல்லாருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். சீவலக்காவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

படிவம் கொட்டில் சுவரில் ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளி நமக்கு எதிரே நிற்பார். அவருடைய இடது மார்பு தாளின் வலது பக்கம் வரும். பவர்பாயின்ட் அந்தப் பழக்கத்தில் மாட்டின் இடது மடியைத் தாளின் வலது பக்கம் வரைந்து, அதற்குச் சிவப்பு அடித்து, மேலே மாடியில் 'இடது' என்று எழுதி உறையில் மூடிவிட்டார். கீழே கொடுத்த படத்தில் எழுத்து இல்லை. படம் இருந்தால் எழுத்து எதற்கு என்று விட்டிருந்தார். மாட்டுக்கு முன்னால் நின்று மடியைப் பார்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அந்தப் பக்கம் கொம்புதான் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் தன் அறைக்கு ஓடிப்போய்ப் புட்டிகளின் பதிவேட்டை எடுத்தாள். சதை எடுத்த மாட்டு டாக்டர் ஒவ்வொரு வரியிலும் 'மாட்டின் இடது', 'மாட்டின் வலது' என்று ஒழுங்காக எழுதியிருந்தார். சந்தேகமே இல்லை. மருந்து போனது மாட்டின் வலது பக்கம். அவள் எண்ணிக்கையில் வலது பக்கம்தான் குறைவு. மருந்து ஸ்டெம் செல்லைக் கூட்டவில்லை, தின்றிருக்கிறது. கிடேரிகளுக்கு அதை நான்கு காம்பிலும் போட இன்றைக்கு வண்டி கிளம்புகிறது. முதல் பண்ணை அக்காவுடையது.

போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. முந்தைய போனை ஒரு கிடேரி மிதித்ததிலிருந்து அக்கா கொட்டிலுக்குப் போனை எடுத்துப் போவதில்லை. அத்தானுக்கு அடித்தாள். அவர் எடுத்து, "ஊசிக்காரங்க ரெண்டு மணிக்கு வர்றாங்களாம், எல்லாம் ரெடி" என்று அவரே பேசி அவரே வைத்துவிட்டார். அவருக்குக் காது சரியில்லை, போனில் பதில் எதிர்பார்க்கிற பழக்கமும் இல்லை. அடுத்த தடவை அடித்தபோது அணைத்து வைத்திருந்தார்.

அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஆனால் பத்தொன்பது வருடமாக முறைப்படி நடந்தவள் அவள். மேலே சொன்னால் மேலேயிருந்து வண்டியை நிறுத்துவார்கள் என்று நம்பி மாடிக்குப் போனாள். இயக்குநர் பேட்டியில் இருந்தார். வாசலில் இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவர் தன் இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது.

கடைசியில் கூப்பிட்டார்கள். சொன்னாள். பவர்பாயின்டின் முகம் வெளுத்தது. இயக்குநர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிர்வாகத்தில் பழுத்தவர்.

"இடதுன்னா இடதுதானேம்மா. இதுல என்ன குழப்பம்?"

"யாரோட இடது சார்?"

"பொதுவான இடது."

"மாட்டுக்குப் பின்னாடி நின்னா..."

"கொட்டில்காரர் விஞ்ஞானி இல்ல. அவருக்கு ஞாபகம் தப்பியிருக்கலாம்."

"பதினொரு மாட்டுக்குமா சார்?"

பவர்பாயின்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாட்டோட இடதா, பார்க்கிறவங்க இடதான்னு நடைமுறைக் குறிப்புல எங்கயும் இல்ல சார்" என்றார். தப்பு செய்தவர் போலச் சொல்லவில்லை, ஓட்டை கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். இயக்குநருக்கு அது பிடித்துவிட்டது. உடனே ஒரு குழு அறிவித்தார். இடப்பக்கத் தெளிவுக் குழு. தலைவர் அவர், செயலாளர் பவர்பாயின்ட். சீவலக்காவுக்குச் சிறப்பு அழைப்பாளர் பதவி. கொட்டில்காரருக்கு இடமில்லை, ஏனென்றால் கூட்டம் மாடியில் நடக்கும். முதல் கூட்டம் அடுத்த மாதம்.

"அதுவரைக்கும் வெளியில ஊசி போடுறதை நிறுத்தச் சொல்லுங்க சார். இன்னிக்கு முதல் பண்ணை எங்க அக்காவோடது."

"குழு முடிவு சொல்ற வரைக்கும் பழைய முடிவுதான் செல்லும். அதுதான் முறை." பிறகு அக்கறையாக, "நீங்கதானேம்மா அக்காவை முதல்ல போடச் சொல்லிக் கேட்டீங்க? உங்களுக்காகத்தான் செஞ்சேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

பஸ் ஊர்ந்தது. இருக்கிற எல்லா நிறுத்தத்திலும் நின்று, இல்லாத இரண்டிலும் நின்றது. டிரைவர் ஒரு இடத்தில் இறங்கிப்போய் யாரிடமோ குசலம் விசாரித்தார். சீவலக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். 'ஆரம்பக்கட்ட முடிவுகளில் ஒரு திருத்தம்' என்று தொடங்கலாமா என்று யோசித்தாள். யோசித்ததற்காகத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. நிலையத்து நோய் தனக்கும் ஒட்டிக்கொண்டதே என்று பயந்தாள்.

பண்ணைக்குள் நுழைந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நிலையத்து வண்டி நின்றது. கொட்டிலில் மாட்டு டாக்டர் குனிந்திருந்தார். அக்கா ஒரு கிடேரியின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல, சின்னம்மா குடுத்த மருந்துதான்" என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் சீவலக்கா. கிடேரி மிரண்டு காலை உதறியது. டாக்டரின் கையிலிருந்த ஊசிக்குழல் சாணத்தில் விழுந்தது.

"என்னங்க இது?" என்றார் டாக்டர். "நாலு முடிஞ்சது, இது அஞ்சாவது. எனக்கு எழுத்துல உத்தரவு இருக்கு. நிறுத்தணும்னா எழுத்துல குடுங்க."

"எழுத்துல அடுத்த மாசம் வரும். அது வரைக்கும் கையை எடுங்க."

அக்கா கிடேரியை விட்டுவிட்டு வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். டாக்டரிடம், "பண்ணை என்னோடது. நான் வேணாம்னு சொல்றேன். போதுமா?" என்றாள். அவளே அவருடைய பையை எடுத்து வண்டியில் வைத்தாள். டாக்டர் உத்தரவுக் கடிதத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். வண்டி போய்விட்டது. விஞ்ஞானத்தை நிறுத்த அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பிறகு இரண்டு பேரும் கொட்டிலில் நின்றார்கள்.

"சொல்லு" என்றாள் அக்கா.

"பக்கம் மாறிப்போச்சுக்கா. மருந்து போட்ட பக்கம்தான் குறைஞ்சிருக்கு. நான் எண்ணினது சரி. எழுதினது தப்பு."

"போட்டா என்ன ஆகும்?"

"பால் குறையலாம். ரெண்டு மூணு ஈத்துலயே மடி தளர்ந்துடலாம்."

"லாம், லாம்னா? ஆகுமா, ஆகாதா?"

"தெரியலக்கா. இதுங்க கன்னு போட்டுக் கறந்தாதான் தெரியும்."

அக்கா தலையை ஆட்டினாள். மருந்து போட்ட நான்கும் ஓரமாகக் கட்டியிருந்தன. நெற்றியில் வெள்ளை விழுந்தது, கறுப்பு, குட்டைக் கொம்பு, ஒரு செவலை. அவை எதுவும் நடக்காத மாதிரி தீவனம் தின்றுகொண்டிருந்தன. டாக்டர் ஒரு மாட்டுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார் என்று சீவலக்காவுக்குத் தெரியும். நான்கு மாட்டுக்கு ஒரு மணி. மாடியில், நாற்காலியில், முறைப்படி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி. எண்ணுவது அவள் தொழில், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

"இந்த நாலுக்கு ஏன்கா முதல்ல போடச் சொன்னே?" என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"இருக்கிறதுலயே நல்லதுங்க இதுங்கதான். நீ குடுத்த மருந்தாச்சேன்னு இதுங்களுக்கு முதல்ல போடச் சொன்னேன்."

சீவலக்கா தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கன்றிலிருந்து இவற்றுக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் அழாமல் நின்றாள். மைக்ரோஸ்கோப்பில் மட்டும் மடி பார்த்தவள் விக்கி விக்கி அழுதாள்.

"என்னைத் திட்டுக்கா. நாலு வார்த்தை நல்லாத் திட்டிடு."

அக்கா சாணத்தில் கிடந்த ஊசிக்குழலைக் குச்சியால் தள்ளி, குப்பைக் கூடையில் போட்டாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"திட்டினா உனக்கு லேசாப் போயிடும்" என்றாள். "திட்ட மாட்டேன். எந்திரி, வா. சாப்பிட்டுப் போ."